எதிர்ப்பொருள் பன்மையைப் படிக்கும் மரபணு மாற்றச் சுண்டெலிகள்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

காரைக்குடியை அடுத்த ஒரு சிறிய விலங்குக் கூடத்தில் மரபணு மாற்றிய சுண்டெலிகளைப் பேணி, அவற்றின் பி செல்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) எண்ணற்ற எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடிகளை) எவ்வாறு உண்டாக்குகின்றன என்பதைப் படித்துவருகிறோம். புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்களுக்கு இதுவரை வாய்மொழியாகச் சொல்லிவந்த வழிமுறையை, அவர்கள் மேசையருகே வைத்துப் பார்க்கும் வண்ணம் இங்கே எழுதுகிறேன். எதிர்பாராத முடிவு ஒன்று வந்தவுடன் நொதியையோ மரபணுவையோ சந்தேகிக்கும் பழக்கம் நம் அனைவருக்கும் உண்டு; ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலான பிழைகள் அதற்கு வெகு முன்பே, எலியின் பிறப்பிலும் வளர்ப்பிலும் நேர்ந்திருக்கின்றன. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரே வரிசையில் விடை தேடுகிறேன். இந்த எலி யாருடைய குட்டி, எந்த வம்சத்தைச் சேர்ந்தது, நான் அளந்த பொருள் அதன் உடலே செய்ததுதானா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே மூலக்கூறு நுட்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

பின்னணியைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். எலும்பு மஜ்ஜையில் வளரும் பி செல், எதிர்ப்பொருளின் இரு புரதப் பகுதிகளில் ஒன்றான கனச் சங்கிலிக்காக வி, டி, ஜே என்ற மூவகை மரபணுத் துண்டுகளில் வகைக்கு ஒன்றையும், மற்றொன்றான இலகுச் சங்கிலிக்காக வி, ஜே துண்டுகளில் வகைக்கு ஒன்றையும் தேர்ந்து வெட்டி ஒட்டிக்கொள்கிறது. டி.என்.ஏ. இவ்வாறு இடம் மாறுவதைச் சுசுமு டோனேகாவாவும் நோபுமிச்சி ஹோசுமியும் 1976ஆம் ஆண்டு சுண்டெலியில் காட்டினர். டோனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டும் வேலையை ராக்-1, ராக்-2 என்ற இரு புரதங்கள் செய்கின்றன. ஒட்டும் வேலையைச் செல்லின் பொதுவான டி.என்.ஏ. பழுதுநீக்கும் புரதங்கள் செய்கின்றன. ஒட்டும் முனையில் டி.டி.டி. என்ற நொதி வார்ப்பு ஏதும் இல்லாமலே சில டி.என்.ஏ. எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறது. பின்னாளில் ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் அந்நியப் பொருளை, சந்தித்த பி செல்லில் ஏ.ஐ.டி. என்ற நொதி சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்தை யுராசிலாக மாற்றி, திடீர்மாற்றங்களையும், ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜி போன்ற வேறு வகை எதிர்ப்பொருளுக்கு மாறும் வகைமாற்றத்தையும் தொடங்கிவைக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்த அறையில் எந்த வண்ணம் என்ற தேர்வு ஒரு வகைப் பன்மையைத் தருகிறது. அச்சை எடுத்தபின் வண்ணங்கள் சந்திக்கும் விளிம்பில் கை செய்யும் சிறு மாற்றம் வேறொரு வகைப் பன்மையைத் தருகிறது. சுண்டெலியின் கனச் சங்கிலியில் பயன்படும் வி துண்டுகள் 100ஐ ஒட்டியும், டி துண்டுகள் 10ஐ ஒட்டியும், ஜே துண்டுகள் 4ஆகவும் உள்ளன. இவற்றைப் பெருக்கி வரும் எண்ணிக்கையைக் காட்டிலும், இணைப்பு விளிம்புகளில் தோன்றும் பன்மையே மிகப் பெரியது.

எந்த அறிகுறிக்கும் முன்பாக: பேரேடு

நகரத்தார் வணிகத்தில் அன்றாடக் குறிப்பைப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை இட்டுப் பார்த்த பிறகே கணக்கு நேராயிற்று என்பார்கள். எலிக் கூடத்துக்கும் இதுவே பொருந்தும். மணமான ஓர் இணையை ஒரு புள்ளியாகக் கொள்ளும் இவ்வூர் வழக்கைப் பின்பற்றி, எங்கள் பேரேட்டிலும் ஒவ்வோர் இனப்பெருக்க இணையையும் ஒரு புள்ளியாகவே எழுதுகிறோம். அப்புள்ளியின் கீழே தாய், தந்தை இருவரின் ஜீனோடைப்பும் (மரபணு அமைப்பும்), குட்டிகள் பிறந்த நாளும், தாயிடமிருந்து பிரித்த நாளும், காதுத் துளை எண்ணும் இருக்க வேண்டும். எலி உயிரோடு இருக்கும்போது ஒரு முறையும், சோதனை முடிந்து திசுவை எடுக்கும் நாளில் மறுபடியும் டி.என்.ஏ. எடுத்து ஜீனோடைப்பிங் செய்யுங்கள். இரண்டாவது சோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதனால் காப்பாற்றப்பட்ட மாதங்களோ பல.

வம்சத்தைப் பற்றியும் ஒரு சொல். பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து வாங்காத ஊரில் வளர்ந்த மாணவர்களுக்கு, 20 தலைமுறைக்குக் குறையாமல் உடன்பிறந்தவற்றையே இணைத்து உருவாக்கிய எலி வம்சம் முதலில் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஒருமைப்பாடுதான் நமது அளவுகோல். பால்ப்-சி, சி57 பிளாக்-6, 129 போன்ற வம்சங்களுக்கிடையே எதிர்ப்பொருள் மரபணுக்களிலேயே வேறுபாடுகள் இருக்கக்கூடும் என்பதை மறந்தால், கீழே வரும் அறிகுறிகளில் பாதியை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

அறிகுறி: நாக்அவுட் எலியின் சீரத்தில் ஐஜிஜி தெரிகிறது

ராக்-1, ராக்-2 நாக்அவுட் எலிகள், அதாவது அந்தந்த மரபணுவை நீக்கிய எலிகள், இரண்டும் 1992இல் வெவ்வேறு குழுக்களால் உருவாக்கப்பட்டன. அவற்றில் வெட்டும் வேலையே நடைபெறாததால், முதிர்ந்த பி செல்லும் டி செல்லும் இருக்க முடியாது. அப்படியிருந்தும் எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் எலைசாத் தட்டில் மஞ்சள் நிறம் ஏறினால், முதலில் எலியின் வயதைப் பாருங்கள். அடுத்துத் தாயின் ஜீனோடைப்பைப் பாருங்கள். தாய் ஹெட்டிரோசைகஸ் (இரு பிரதிகளில் ஒன்று மட்டும் நீக்கப்பட்டவள்) ஆக இருந்தால் அவளுக்கு எதிர்ப்பொருள் உண்டு. அதைக் கருவிலும், பிறந்தபின் சுமார் மூன்று வாரங்கள் பாலின் வழியாகக் குடலிலும் குட்டி பெற்றுக்கொள்கிறது. ஐஜிஜியின் அரைவாழ்வு சுண்டெலியில் ஏறக்குறைய ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் வாரத்தில் இருந்த அளவு ஒன்பதாம் வாரத்தில் 64இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். சொந்தமாக ஐஜிஜி செய்யாத உடலில் அது இதைவிடவும் மெதுவாகவே கரையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இதற்கு எளிய சோதனை ஐஜிஎம். தாயின் ஐஜிஎம் கருவுக்கும் செல்வதில்லை, குடல் வழியாகவும் குருதிக்குள் ஏறுவதில்லை. ஆகவே ஐஜிஜி இருந்து ஐஜிஎம் அறவே இல்லையென்றால் அது தாயின் சீதனம். இரண்டும் இருந்தால் அந்த எலி தானே எதிர்ப்பொருள் செய்கிறது, அதாவது உங்கள் ஜீனோடைப்பில் தவறு இருக்கிறது. குருதியின் ஒரு துளியை செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் செலுத்தி, பி செல்லின் அடையாளங்களான பி220, ஐஜிஎம் இரண்டையும் பார்த்தால் ஒரே நாளில் ஐயம் தீரும். நாங்கள் ஒரு முறை இதைச் செய்யாமல், நான்கு வார வயதுக் குட்டிகளின் சீரத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ராக்கைத் தவிர்த்த வேறு வழி ஒன்று இருக்குமோ என்று தேடினோம். பேரேட்டில் தாயின் பெயருக்கு எதிரே ஹெட்டிரோசைகஸ் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இந்த ஐஜிஎம் சோதனை எல்லா எலிக்கும் பொருந்தாது. மெல்வின் போஸ்மாவின் குழு 1983இல் அறிவித்த ஸ்கிட் எலியில் ஒட்டும் புரதம் ஒன்று பழுதாகியிருப்பதால், வெட்டு நடந்து ஒட்டு மட்டும் தவறுகிறது. ஓரிரு செல்கள் எப்படியோ ஒட்டிக்கொண்டு தப்பிவிடும். வயது ஏற ஏற இத்தகைய கசிவு கூடும். அப்போது ஐஜிஎம்மும் தெரியும். அது ஜீனோடைப் பிழையன்று. கிட்டமுராவும் ராயெவ்ஸ்கியும் 1991இல் உருவாக்கிய மியூ-எம்.டி. எலியிலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே செல்லின் மேற்பரப்பில் ஐஜிஎம் நிற்க முடியாதபடி செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் பால்ப்-சி பின்னணியில் இத்திடீர்மாற்றத்தைச் சுமக்கும் எலிகளில் ஐஜிஜியும் ஐஜிஏயும் காணப்படுகின்றன. பி செல்லே இல்லாத எலி வேண்டும் என்று திட்டமிடுபவர்கள், மியூ-எம்.டி. எலியை எந்தப் பின்னணியில் வைத்திருக்கிறோம் என்று கேட்காமல் தொடங்கக் கூடாது.

அறிகுறி: எலிகள் மெலிகின்றன, ஆனால் நோய்ப் பரிசோதனை சுத்தமாக வருகிறது

சீரத்தில் நோய்க்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவதுதான் பல ஆய்வகங்களில் வழக்கமான நலப் பரிசோதனை. எதிர்ப்பொருளே செய்ய முடியாத எலியின் சீரத்தை அதற்கு அனுப்பினால், அறை முழுவதும் தொற்று இருந்தாலும் அறிக்கை சுத்தமாகத்தான் வரும். இதைச் சொல்லும்போது எல்லோரும் ஆமாம் என்று தலையசைக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் ராக் நாக்அவுட்டின் சீரத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். இயல்பான நோயெதிர்ப்பு உடைய சில எலிகளைக் காவல் எலிகளாக அதே அறையில் வைத்து, மற்றக் கூண்டுகளின் பழைய படுக்கையில் ஒரு பிடியை அவற்றின் கூண்டில் ஒழுங்காகச் சேர்த்துவந்து, அவற்றின் சீரத்தைச் சோதியுங்கள். இல்லையேல் மலத்திலோ நுரையீரல் திசுவிலோ கிருமியின் டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். வழியாகத் தேடுங்கள். மூச்சிரைப்புடன் மெலிந்தால் நிமோசிஸ்டிஸ் (நுரையீரல் பூஞ்சை), மலக்குடல் வெளித்தள்ளினால் ஹெலிகோபாக்டர் (குடல் பாக்டீரியா) என்று முதலில் நினைக்கலாம்.

இவ்வூரில் படுக்கைக்கு நெல் உமி எளிதாகக் கிடைக்கிறது. நன்றாகச் சலித்து ஆட்டோக்ளேவ் செய்த உமியில் குறை இல்லை. மூட்டையின் நடுவரை நீராவி புகாமல் எடுத்த உமியில்தான் குறை. மூட்டையைச் சிறு பைகளாகப் பிரித்து அடுக்குவது இதனால்தான்.

அறிக்கைகளைக் காட்டிலும் நான் அதிகம் நம்புவது எலிகளைப் பராமரிக்கும் அக்காவின் கண்ணை. "தம்பி, இந்தக் கூண்டுல ரெண்டு நாளாத் தண்ணி கொறையவே இல்ல" என்று அவர் சொன்ன கூண்டுகளில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. அவர் சொல்வதைப் பேரேட்டில் எழுத ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறோம்.

அறிகுறி: பி செல் வளர்ச்சி நின்றுபோகிறது, காரணம் இணைப்பா, வேறு ஒன்றா என்று தெரியவில்லை

இந்த வழிமுறையில் மிகுந்த பொறுமையை வேண்டுவது இதுவே. நீங்கள் ஆர்வம் கொண்ட ஒரு மரபணுவை நீக்கினீர்கள். எலும்பு மஜ்ஜையில் பி220, சிடி43 என்ற மேற்பரப்பு அடையாளங்கள் இரண்டும் உள்ள முன்னோடிச் செல்கள் குவிகின்றன. அதற்கு அடுத்த படியில் செல்களே இல்லை. ராக் நாக்அவுட்டிலும் இதே படம்தான் தெரியும். ஆகவே உங்கள் மரபணுவும் வி-டி-ஜே இணைப்பில் பங்கு கொள்கிறது என்று எழுத மனம் விரைகிறது. செல் உயிர்வாழ்வதற்கோ பெருகுவதற்கோ தேவையான ஒரு மரபணுவை நீக்கினாலும் இதே படம் தெரியக்கூடும் என்பதால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரித்தறியும் வழி மரபியல் வழி. ஏற்கெனவே இணைக்கப்பட்ட கனச் சங்கிலியையும் இலகுச் சங்கிலியையும் சுமக்கும் எலியோடு உங்கள் எலியை இணைத்து, நாக்அவுட் பின்னணியில் அவ்விரு சங்கிலிகளும் உள்ள குட்டியைப் பெறுங்கள். பழுது இணைப்பில் மட்டும் இருந்தால், ஆயத்தமான சங்கிலிகள் அந்தப் படியைக் கடக்க உதவும். மண்ணீரலில் பி செல்கள் தோன்றும். பழுது உயிர்வாழ்வில் இருந்தால், சங்கிலிகளைக் கொடுத்தாலும் செல்கள் வாரா. கனச் சங்கிலி மட்டும் கொடுத்தால் செல்கள் ஒரு படி முன்னேறி, இலகுச் சங்கிலியை இணைக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் நின்றுவிடும். அந்த நடுநிலை முடிவும் மதிப்புள்ள சான்று. இந்தக் குட்டிகளைப் பெறப் பல தலைமுறைகள் ஆகும் என்பது உண்மை. ஆனால் இதைச் செய்யாமல் எழுதிய முடிவுரையை நான் நம்புவதில்லை.

எக்ஸ்.ஆர்.சி.சி.4 அல்லது லைகேஸ்-4 போன்ற ஒட்டும் புரதங்களை நீக்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தக் கருக்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிடும். ஹோமோசைகஸ் (இரு பிரதிகளும் நீக்கப்பட்ட) குட்டி ஒன்றுகூட இல்லாமை ஜீனோடைப்பிங் பிழையன்று. பழுதான செல்லை இறக்கச் செய்யும் பி53 மரபணுவையும் சேர்த்து நீக்கினால் குட்டிகள் பிறக்கின்றன. ஆனால் லிம்போசைட்டுகள் திரும்புவதில்லை. இத்தகைய எலி ஒன்றில் சில வாரங்கள் கழித்துத் திடீரென்று பி220 செல்கள் பெருகினால், மீட்சி ஏற்பட்டது என்று மகிழாதீர்கள். வெட்டுண்டு ஒட்டப்படாத கனச் சங்கிலிப் பகுதி, 12ஆம் குரோமோசோமிலிருந்து 15ஆம் குரோமோசோமில் உள்ள, புற்றுநோயைத் தூண்டவல்ல சி-மிக் மரபணுவுக்கு அருகே போய் ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் முன்னோடி பி செல் லிம்போமா அது. நிணநீர்க் கணுக்களைத் தொட்டுப் பாருங்கள். செல்களின் மேற்பரப்பில் ஐஜிஎம் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். எலி துன்புறும் முன்பே நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறைப்படி அதன் உயிரை வலியின்றி முடித்துவிடுங்கள்.

பி செல்லில் மட்டும் மரபணுவை நீக்கும் எலியானால், ஃப்ளாக்ஸ் என்று குறியிட்ட மரபணுவை வெட்டி நீக்கும் க்ரே நொதியைத் தரும் எலியைச் சந்தேகிக்க வேண்டும். சிடி19-க்ரே எலியில் க்ரே மரபணு சிடி19 மரபணுவுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கிறது. ஹோமோசைகஸ் ஆக்கினால் சிடி19 முற்றிலும் இல்லாமல் போய், முளை மையங்கள் (பி செல்கள் பெருகித் திருந்தும் இடங்கள்) தாமாகவே குன்றும். அந்தக் குறையை உங்கள் மரபணுவின் மேல் ஏற்றிவிடுவீர்கள். எம்.பி.1-க்ரே எலிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஹோமோசைகஸ் ஆனால் பி செல்லே இருக்காது. இரண்டையும் ஒற்றைப் பிரதியாகவே வைத்திருங்கள். ஃப்ளாக்ஸ் இல்லாத, க்ரே மட்டும் உள்ள உடன்பிறப்பைக் கட்டுப்பாடாக வையுங்கள். எதிர்பார்த்த குறை தென்படவே இல்லையென்றால், மண்ணீரலின் பி செல்களைப் பிரித்தெடுத்து, ஃப்ளாக்ஸ் நீங்கியதா என்று பி.சி.ஆர். செய்யுங்கள். நீக்கம் நடந்த செல்கள் இறந்து, தப்பிய சில செல்கள் பெருகி இடத்தை நிரப்பியிருக்கக்கூடும். வாலின் டி.என்.ஏ.விலும் நீக்கம் தெரிந்தாலோ, அது பெற்றோரின் இனச்செல்லிலேயே நடந்த நீக்கம்; அந்தக் கிளையை இனப்பெருக்கத்திலிருந்து நிறுத்துங்கள்.

அறிகுறி: ஒரே எதிர்ப்பொருள் வர வேண்டிய நாக்இன் எலியில் பல வருகின்றன

நாக்இன் எலியில், அதாவது ஆயத்தமான சங்கிலியின் மரபணுவைச் செருகிய எலியில், கனச் சங்கிலியை மட்டும் செருகியிருந்தால், இலகுச் சங்கிலி தன் பன்மையோடு அப்படியேதான் இருக்கும். இதைக் குறையாக எண்ண வேண்டாம். கனச் சங்கிலியே வேறாகத் தெரிந்தால் அலோடைப்பை, அதாவது வம்சத்துக்கு வம்சம் வேறுபடும் எதிர்ப்பொருள் வடிவத்தை, கொண்டு பிரித்தறியுங்கள். 129 வம்சத்தின் ஐஜிஎம் 'ஏ' அலோடைப்பையும், சி57 பிளாக்-6இன் ஐஜிஎம் 'பி' அலோடைப்பையும் சேர்ந்தவை. 129 கருத் தண்டுசெல்லில் செய்த செருகலை பிளாக்-6 எலியோடு இணைத்தால் கிடைக்கும் ஹெட்டிரோசைகஸ் குட்டியில், எந்தச் செல் செருகிய அலீலை (மரபணுப் பிரதியை) வெளிப்படுத்துகிறது, எந்தச் செல் இயல்பான அலீலை வெளிப்படுத்துகிறது என்பதை இரண்டு நிறத்தில் பார்த்துவிடலாம். 'பி' மட்டும் உள்ள செல்கள் கணிசமாக இருந்தால், செருகிய சங்கிலி தன் உடலுக்கே எதிராக வேலை செய்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் செல் இலகுச் சங்கிலியை மறுபடி மாற்றிப் பார்க்கும், அல்லது செருகிய வி துண்டையே மேலே உள்ள வேறொரு வி துண்டால் மாற்றிவிடும். கனச் சங்கிலியின் இயல்பான இடத்தில் செருகிய எலியில் மட்டுமே இந்த மாற்றீடு நடக்கும், ஏனெனில் மேலே மற்ற வி துண்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. குரோமோசோமில் எங்கோ ஓரிடத்தில் தற்செயலாகச் செருகப்பட்ட பழைய வகை டிரான்ஸ்ஜீனில் வகைமாற்றம் நடவாமல் போகலாம். கோழி முட்டையின் லைசோசைமை அறியும் எம்.டி.4 எலி ஐஜிஎம், ஐஜிடி இரண்டை மட்டுமே தரும். அதில் ஐஜிஜி வரவில்லை என்று ஏ.ஐ.டி.யைக் குற்றம் சொல்வது தவறு.

அறிகுறி: திடீர்மாற்றங்கள் குறைவு, அல்லது எங்கும் ஒரே அளவு

தசுகு ஹோஞ்சோவின் குழு ஏ.ஐ.டி.யை 1999இல் கண்டறிந்து, 2000இல் அதன் நாக்அவுட் எலியை வெளியிட்டது. அந்த எலியில் வகைமாற்றமும் இல்லை, திடீர்மாற்றமும் இல்லை. அதனால்தான் அது நமக்குச் சிறந்த அளவுகோல்: ஏ.ஐ.டி. இல்லாத எலியிலும் உங்கள் வரிசையில் திடீர்மாற்றங்கள் தெரிந்தால் அவை பி.சி.ஆர். நொதியின் பிழைகள். இந்த அடித்தளத்தைக் கழிக்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். நம்பகத்தன்மை மிக்க பாலிமரேஸைப் பயன்படுத்துங்கள். ஒரே மூதாதைச் செல்லின் வாரிசுகளில் திரும்பத் திரும்ப வரும் மாற்றத்தை ஒரு முறை மட்டுமே எண்ணுங்கள்.

எங்கே அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜே4 துண்டுக்கு அடுத்துள்ள இன்ட்ரான் பகுதியில் அளப்பது நல்லது. அந்தப் பகுதி புரதமாக மாறாததால், ஆன்டிஜென் தேர்வு அதைத் திரிப்பதில்லை. குடலின் பேயர் திட்டுகளில் உள்ள முளை மையச் செல்களில், அதாவது பி220, ஜிஎல்7, ஃபாஸ் மூன்றும் உள்ள செல்களில், தடுப்பூசி போடாமலே போதிய மாற்றங்கள் கிடைக்கும். ஆனால் அவை குடலின் நுண்ணுயிர்களைச் சார்ந்தவை. தொற்று அச்சத்தால் அறை முழுவதற்கும் குடிநீரில் ஆன்டிபயாடிக் கலந்த மாதத்தில் அளந்தால், எல்லா எலியிலும் குறைவாகத்தான் வரும். மிக இளைய எலியை எடுத்தாலும் அப்படியே.

என்.பி. என்ற ஹாப்டனை (புரதத்தோடு இணைத்தால் மட்டுமே எதிர்ப்பைத் தூண்டும் சிறு மூலக்கூறை) கோழி காமா குளோபுலினோடு இணைத்துச் செலுத்துபவர்களுக்கு வம்சம் பற்றிய எச்சரிக்கை மறுபடியும் தேவை. பிளாக்-6 எலி இதற்கு வி186.2 என்ற கனச் சங்கிலித் துண்டையும் லாம்டா-1 இலகுச் சங்கிலியையும் கொண்டு பதில் தருகிறது. 33ஆம் இடத்தில் டிரிப்டோஃபேன் லியூசினாக மாறும்போது பிணைப்பு வலிமை ஏறக்குறைய பத்து மடங்கு உயர்கிறது. பால்ப்-சி எலியில் இந்தப் பாதையைத் தேடினால் கிடைக்காது. ஒரு வழங்குநர் பிளாக்-6 என்று எழுதி அனுப்பிய எலிகள், பின்னர் அலோடைப் சோதனையில் கலப்பு என்று தெரிந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அதன் பிறகு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியையும் கண் காணும் கறுப்பு நிறத்தை நம்பாமல் குருதியைச் சோதித்தே பேரேட்டில் ஏற்றுகிறோம்.

மாற்றங்களின் எண்ணிக்கை சரியாக இருந்து அவற்றின் தன்மை மட்டும் விந்தையாக இருந்தால், அது பிழையாக இல்லாமல் கண்டுபிடிப்பாகவே இருக்கலாம். யுராசிலை அகற்றும் யு.என்.ஜி. நொதி இல்லாத எலியில், சி, ஜி எழுத்துகளில் ஏற்படும் மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே வகையாகக் குறுகிவிடும்: சி இருந்த இடத்தில் டி (தைமின்), ஜி இருந்த இடத்தில் ஏ. பழுதுநீக்கும் புரதமான எம்.எஸ்.ஹெச்.2 இல்லாத எலியில் ஏ, டி எழுத்துகளின் மாற்றங்கள் வெகுவாகக் குறையும். எழுத்துவாரியாக அட்டவணை இட்டு, உங்கள் எலியின் படம் இவற்றில் எதை ஒத்திருக்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: இணைப்பில் சேர்க்கப்பட்ட எழுத்துகள் இல்லை

டி.டி.டி. நாக்அவுட் எலியின் முடிவை இயல்பான எலியோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வயதா என்று பாருங்கள். கருவிலும் பிறந்த புதிதிலும் தோன்றும் பி செல்களில் டி.டி.டி. இல்லை, எனவே இயல்பான குட்டியும் நாக்அவுட்டைப் போலவே தோன்றும். இலகுச் சங்கிலியில் சேர்க்கை அரிதாக இருப்பதும் சுண்டெலிக்கு இயல்பு, ஏனெனில் அந்தக் கட்டத்துக்குள் நொதி அடங்கிவிடுகிறது. பன்மை முழுவதுமே குறுகியதாகத் தெரிந்தால், எத்தனை செல்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பத்தாயிரம் செல்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கனச் சங்கிலிகளைத் தேடிப் பயனில்லை. தேர்வின் தாக்கம் இல்லாத பன்மையைக் காண விரும்பினால், படிப்புச் சட்டகம் தவறிய இணைப்புகளைத் தனியே பிரித்துப் படியுங்கள். அவை புரதமாக மாறாததால், வெட்டி ஒட்டிய கையின் சுவடு அவற்றில் கலப்பின்றி இருக்கும்.

அறிகுறி: வளர்ப்புத் தட்டில் வகைமாற்றம் இல்லை, அல்லது ஐஜிஜி2ஏ மட்டும் இல்லை

இரண்டாவதற்கு ஒரு வரியில் விடை: பிளாக்-6 எலியில் ஐஜிஜி2ஏ மரபணுவே இல்லை, அதன் இடத்தில் ஐஜிஜி2சி இருக்கிறது, அதைக் கண்டறியும் எதிர்ப்பொருளை வாங்குங்கள். முதலாவதற்கு, பி செல்லைத் தூண்டும் எல்.பி.எஸ்., ஐ.எல்.-4 இரண்டும் சேர்த்த தட்டில் நான்காம் நாள் ஐஜிஜி1 வரவில்லையென்றால், செல்கள் பிரிந்தனவா என்று சி.எஃப்.எஸ்.இ. சாயத்தால் பாருங்கள். வகைமாற்றம் செல் பிரிவைப் பின்தொடர்கிறது. பிரியாத செல்லில் அதை எதிர்பார்க்க முடியாது. பிரிந்தும் மாறவில்லையென்றால் ஐ.எல்.-4 குப்பியின் வரலாற்றைக் கேளுங்கள். கோடையில் மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் ஃப்ரீசர் இளகி மறுபடி உறைந்திருந்தால், அந்தக் குப்பி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சிறு பங்குகளாகப் பிரித்து, மின்தடை நேர்ந்த தேதிகளை ஃப்ரீசர் கதவிலேயே எழுதிவையுங்கள்.

அறிகுறி: ஆண் எலிகளுக்குக் குட்டி பிறப்பதில்லை

பங்குனி தொடங்கி ஆடி வரை இங்கே வெயில் கடுமை. குளிரூட்டி நின்று, ஜெனரேட்டர் ஏறும் வரையிலான நேரத்தில் அறை சூடாகிறது. தடித்த சுண்ணாம்புச் சுவரும் நடு முற்றமும் உள்ள பழைய வளவு வீடு அந்த நேரத்தைத் தாங்கிவிடும். தாழ்ந்த கூரையுள்ள கான்கிரீட் அறை தாங்காது. வெப்பத்தால் விந்தணு உற்பத்தி குன்றினால், அறை குளிர்ந்த பின்னும் சுமார் ஐந்து வாரங்கள் பொறுக்க வேண்டும், ஏனெனில் சுண்டெலியில் விந்தணு உருவாக ஏறக்குறைய 35 நாள் ஆகிறது. அதே அறையின் மற்ற வம்சங்களிலும் ஆண்கள் மலடாகத் தெரிந்தால், காரணம் வெப்பமே.

ஒரே ஒரு வம்சத்தில், அதுவும் கனச் சங்கிலியின் வி பகுதியை முழுவதும் நீக்கி மனித மரபணுவால் நிரப்பிய எலியில், ஹோமோசைகஸ் ஆண்கள் மட்டும் மலடாக இருந்தால் காரணம் வேறு. சுண்டெலியில் வி துண்டுகளுக்கும் டி துண்டுகளுக்கும் இடையே ஆடம்6ஏ, ஆடம்6பி என்ற இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. எதிர்ப்பொருளோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. ஆண் எலியின் கருவளத்துக்குத்தான் அவை தேவை. நீக்கும்போது அவையும் சேர்ந்து போய்விட்டன. மனித எதிர்ப்பொருள் தரும் எலிகளை உருவாக்கியவர்கள் ஆடம்6ஐத் திரும்பச் செருகி இந்தக் குறையைத் தீர்த்தனர். உங்களிடம் அந்தத் திருத்தம் இல்லாத வம்சம் இருந்தால், ஹெட்டிரோசைகஸ் ஆணையும் ஹோமோசைகஸ் பெண்ணையும் இணைத்துத் தொடருங்கள்.

அறிகுறி: எதிர்பார்த்த விகிதத்தில் குட்டிகள் வரவில்லை

இரண்டு மரபணுக்கள் வெவ்வேறு குரோமோசோமில் இருக்கின்றன என்ற எண்ணத்தில்தான் நாம் விகிதத்தைக் கணிக்கிறோம். கனச் சங்கிலி 12இலும், இலகுச் சங்கிலி வகைகளான காப்பா 6இலும், லாம்டா 16இலும் உள்ளன. ஏ.ஐ.டி. மரபணுவும் 6ஆம் குரோமோசோமிலேயே இருப்பதால், காப்பா நாக்இன்னையும் ஏ.ஐ.டி. நாக்அவுட்டையும் ஒரே எலியில் சேர்க்க, இரண்டும் ஒரே குரோமோசோமுக்கு வந்து சேர்ந்த குறுக்குக் கலப்புக் குட்டியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைத்த பின் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பயணிக்கும். ராக்-1, ராக்-2 இரண்டும் 2ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்த வீடுகள். இரு நாக்அவுட்டையும் இணைத்து இரட்டை நாக்அவுட் பெற முயல்வது வீண். இத்தகைய கலப்பைத் தொடங்குமுன் தேவையான கூண்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, விலங்கு நெறிமுறைக் குழுவிடமும் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடமும் அதே எண்ணைக் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். பாதி வழியில் எண்ணிக்கை போதாமல், நல்ல ஜீனோடைப் உள்ள எலிகளை முதுமை அடையவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்த நாட்கள் எங்கள் பேரேட்டில் இரண்டு முறை பதிவாகியிருக்கின்றன.